பக்கத்து ஆலையில் என்ன ஓடுகிறது?

பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசி ஒரு போலி. சட்டமே ஒப்புக்கொண்ட போலி. சேகோ பனையின் மாவில் செய்தாலும் சரி, மரவள்ளிக் கிழங்கின் மாவில் செய்தாலும் சரி, சிறு கெட்டி உருண்டையாக இருந்தால் அது ஜவ்வரிசிதான் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. இதில் மூத்தது பனை. நியூகினி, இந்தோனேசியா, மலேசியா பக்கத்துச் சதுப்பு நிலங்களில் வளரும் சேகோ பனையை வெட்டி, தண்டைப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றுப் பகுதியைச் சுரண்டிக் கழுவி மாவு எடுப்பார்கள். அந்த மாவை உருட்டி வறுத்ததுதான் பழைய சேகோ. நம் ஊரில் அந்தப் பனையும் இல்லை, அந்தச் சதுப்பும் இல்லை. சேலம், நாமக்கல், தருமபுரி, கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் ஆலைகளிலிருந்து வருவதெல்லாம் கிழங்கு ஜவ்வரிசி.

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் ஆத்தூர் தாண்டிச் சின்னசேலம் வரும்வரை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் போதும். ஈரமாவின் புளித்த வாடை ஆலை எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். களம் நிறையக் காயும் வெள்ளை உருண்டைகளையும், வாசலில் கிழங்கு லாரிகளையும் பார்க்கலாம். ஓர் ஆலைக்கும் அடுத்த ஆலைக்கும் பெயர்ப்பலகையைத் தவிர வேறு வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுந்தவை. “நம்மாளுங்களுக்கு இதுதான் தெரியும், ஒருத்தன் ஆரம்பிச்சா பத்துப் பேரு அதையே ஆரம்பிப்பான்” என்று டீக்கடையில் அலுத்துக்கொள்வோமே, அதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் அந்த அலுப்பில் பாதிதான் நியாயம். ஒரு தொழிலில் புதுமை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனால், பல சமயம் அது இந்தப் பார்த்துச் செய்யும் பழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. தொழிலைக் கெடுக்கும் வியாதியும் அதே வழியில்தான் வருகிறது.

முதலில் கதை. 1942-இன் தொடக்க மாதங்களில் மலாயா, சிங்கப்பூர், ஜாவா என ஒவ்வொன்றாக ஜப்பான் கைக்குப் போயின. அங்கிருந்து வந்துகொண்டிருந்த சேகோ நின்றது. அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோள மாவும் அருகிப்போனது. சேலம் தறிக்காரர்களின் ஊர். பாவுக்குக் கஞ்சி போட மாவு வேண்டும். வியாபார விஷயமாகக் கேரளம் போய்வந்துகொண்டிருந்த சேலத்து மாணிக்கம் செட்டியார், அங்கே மரவள்ளி மாவு மக்காச்சோள மாவின் இடத்தில் புழங்குவதைக் கண்டார். கேரளத்துக்கு மரவள்ளி புதிதல்ல. தென்னமெரிக்கக் கிழங்கைப் போர்த்துகீசியர் மலபாருக்குக் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதை ஊரெங்கும் நடவைத்தார். செட்டியாருக்குப் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவின் பழக்கம் கிடைத்தது. மரவள்ளி மாவிலிருந்து சேகோ உருட்டும் வித்தை ஷாவுக்குத் தெரியும், ஏனென்றால் பனை சேகோவைப் பார்த்துக் கிழங்கில் உருட்டும் வேலை மலாயாவில் முன்பே நடந்துகொண்டிருந்தது. இருவரும் சேர்ந்து 1943-இல் சேலத்தில் தொழிலைத் தொடங்கினார்கள். அதாவது ஒரு போலிக்குப் போலி.

ஷாவுக்குச் செய்முறை தெரியும், ஆனால் பினாங்கின் இயந்திரம் சேலத்தில் கிடையாது. போர்க்காலத்தில் தருவிக்கவும் முடியாது. ஆரம்பத்தில் எல்லாமே கைவேலை. அரைத்து, துணியில் வடிகட்டி, மாவைப் படியவிட்டு, குலுக்கி உருட்டி, அடுப்பில் வறுத்தார்கள். இந்த இடத்தில்தான் வெங்கடாசல கவுண்டர் என்ற சேலத்து மெக்கானிக் கதைக்குள் வருகிறார். கையில் இருந்த இரும்பையும் மரத்தையும் வைத்து ஒவ்வொரு படிக்கும் ஓர் எளிய இயந்திரத்தை அவர் கட்டினார். ஒரு நாளைக்கு இரண்டு மூட்டையாக இருந்த உற்பத்தி 25 மூட்டைக்கு ஏறியது என்று தொழிலின் வரலாற்றில் சொல்கிறார்கள். மூலத்தை அப்படியே நகல் எடுக்க வசதி இருந்திருந்தால் கவுண்டருக்கு அங்கே வேலையே இருந்திருக்காது. ஈயடிச்சான் காப்பி அடிக்க ஈ கிடைக்கவில்லை. அதனால் வேறொன்று பிறந்தது.

இதையே ஒரு கோட்பாடாகச் சொன்னவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்மென் ஆல்சியன். 1950-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அவர் கேட்ட கேள்வி இது: எதிர்காலம் தெரியாத நிலையில் ஒரு நிறுவனம் எப்படி முடிவெடுக்கும்? எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்து முடிவெடுக்கிறது என்பது பாடப்புத்தகக் கதை. நடப்பில், யார் ஜெயித்தாரோ அவரைப் பார்த்துச் செய்கிறார்கள். ஆனால் யாராலும் அச்சு அசலாகச் செய்ய முடிவதில்லை. இடம் வேறு, ஆள் வேறு, கையில் உள்ள பணம் வேறு. ஜெயித்தவரின் வெற்றிக்கு எது காரணம் என்பதும் பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியாது. இப்படித் தப்பும் தவறுமாகச் செய்ததில் பெரும்பாலானவை வீணாகும். சில, மூலத்தைவிட நன்றாக ஓடும். பின்னால் வருபவர்கள் அதைப் புதுமை என்பார்கள். புதுமை செய்யவேண்டும் என்று யாரும் கிளம்பாமலே புதுமை நடந்துவிடுகிறது என்பதுதான் ஆல்சியன் சொன்னதில் ருசியான பகுதி. உயிரினங்களின் பரிணாமத்தில் மரபணு நகலெடுப்பின் பிழைகள் செய்யும் வேலையை, தொழிலில் பார்த்துச் செய்பவரின் பிழைகள் செய்கின்றன.

1949-இல் சேலம் வட்டாரத்தில் 45 ஆலைகள் இருந்தன, 1957-இல் 125. இந்த வேகத்துக்கு ஆசை மட்டும் காரணமல்ல, கிழங்கின் உடம்பும் காரணம். மண்ணைவிட்டுப் பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடுகள் ஓடத் தொடங்கும். மாவின் நிறம் கெடும், அளவும் குறையும். பருத்தியைப்போல மும்பைக்கு அனுப்பி நூற்க முடியாது. எங்கே கிழங்கோ அங்கே ஆலை. ஆகவே ஒரே ஒரு பெரிய ஆலை எல்லாக் கிழங்கையும் வளைத்துக்கொள்ள வழியில்லை; காடு விரிய விரிய ஆலையும் கிழக்கே நகர்ந்து, ஆத்தூர் வழியாகச் சின்னசேலம் வரை வந்தது.

அதற்கும் வடக்கே நிற்பது கல்வராயன் மலை. சேர்வராயன், பச்சைமலை, ஜவ்வாது மலைகளின் கூட்டாளி. கிழக்குத் தொடர்ச்சியின் ஒரு துண்டு. சின்னக் கல்வராயன் சராசரியாக 2,700 அடி, பெரிய கல்வராயன் 4,000 அடி. 1976-இல் அரசு எடுத்துக்கொள்ளும்வரை ஜாகீர்தார்கள் கையில் இருந்த மலை இது. இங்கே வாழும் மலையாளிப் பழங்குடிகள் சாமை, தினை, கேழ்வரகு விதைத்தவர்கள். அவர்களின் சரிவுகளிலும் மரவள்ளி ஏறியது. வெள்ளிமலையிலோ கரியாலூரிலோ பிடுங்கிய கிழங்கு, காச்சிராயபாளையம் வழியாக இறங்கி அடிவார ஆலைகளுக்குப் போகிறது. மேற்குப் பக்கம் கருமந்துறைக் கிழங்கு சேலம் மாவட்ட ஆலைகளுக்கு இறங்கும். மலைக்கு மேலே சாகுபடியை ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள். ஆலையைப் பார்த்து யாரும் ஆலை கட்டவில்லை. இதற்குப் பின்னால் வருகிறேன்.

பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஆலைகளுக்கு நடுவே ரகசியம் தங்காது. ஒரே தொழில் ஓர் ஊரில் குவிந்தால் அதன் சூட்சுமங்கள் காற்றில் கலந்துவிடுகின்றன, குழந்தைகள்கூடத் தெரியாமலே கற்றுக்கொள்கின்றன என்ற பொருளில் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே எழுதினார். அழகான வாக்கியம்தான், ஆனால் காற்று தானாக எதையும் கொண்டுபோவதில்லை. கொண்டுபோவது ஆள். அரவை உருளையின் பல் தேய்ந்தால் மாற்ற வரும் ஃபிட்டர் காலையில் ஓர் ஆலை, மாலையில் இன்னோர் ஆலை என்று போகிறவர். மேஸ்திரி கூலித் தகராறில் அடுத்த ஆலைக்குப் போகும்போது, அவர் கையோடு செய்முறையும் போகிறது. கிழங்குத் தரகருக்கு எந்த ஆலையில் எவ்வளவு மாவு விழுகிறது என்று முதலாளிக்கு முன்னால் தெரியும்.

இருந்தும் எல்லாம் போய்ச் சேர்வதில்லை. ஆலைக்குள் வேலை இப்படி ஓடுகிறது: கிழங்கைத் தோல் நீக்கிக் கழுவி, பற்கள் பதித்த உருளையில் அரைக்கிறார்கள். அரைபடும்போது செல் உடைகிறது; கிழங்கில் இயல்பாகவே உள்ள சயனைடு சேர்மம் சிதைந்து, கழுவும் தண்ணீரோடும் ஆவியாகவும் பெருமளவு வெளியேறிவிடும். சல்லடையில் நார் ஒருபுறம் ஒதுங்குகிறது. அதுதான் திப்பி, மாட்டுத் தீவனமாகப் போகும். பால் மாதிரி இறங்கும் மாவுத் தண்ணீர் தொட்டியில் மணிக்கணக்கில் நிற்கிறது. மேலே தெளிந்த தண்ணீரைத் திறந்துவிட்டால் அடியில் மாவு கட்டியாகப் படிந்திருக்கும். அந்த ஈரமாவை உடைத்துச் சலித்து, முன்னும் பின்னும் ஆடும் தொட்டிலில் போட்டால் ஒரு துகளோடு இன்னொன்று ஒட்டி உருண்டை திரள்கிறது. ஈரம் கொஞ்சம் கூடினால் கட்டி, குறைந்தால் தூள். பிறகு எண்ணெய் தடவிய சூடான இரும்புத் தட்டில் வறுக்கிறார்கள். மரவள்ளி மாவு ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி வெப்பத்துக்குள் பசையாக மாறத் தொடங்கும். உருண்டையின் மேல்தோல் மட்டும் பசையாகி இறுக வேண்டும். உள்ளே பச்சை மாவாகவே இருக்க வேண்டும். தோல் இறுகாவிட்டால் மூட்டையில் நொறுங்கும். உள்ளேயும் வெந்துவிட்டால் சரக்கு வேறு. வறுப்பதற்குப் பதில் ஆவியில் வேகவைத்தால் கண்ணாடிபோல வரும். அதுதான் நைலான் ஜவ்வரிசி.

தொட்டிலையும் தட்டையும் அடுத்த ஆலைக்காரர் ஒரு பார்வையில் அளந்துகொண்டு போகலாம். எந்த ஈரத்தில் தொட்டிலில் போடுவது என்பதை அப்படி அளக்க முடியாது. அது மாவை அள்ளி அமுக்கிப் பார்க்கிறவரின் உள்ளங்கையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வோர் ஆலையும் கண்ணுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு, தெரியாததைத் தானே தேடவேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில்தான் சின்னச் சின்ன முன்னேற்றங்கள் நடக்கின்றன. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதையிலும் இதேதான். கற்றுவந்தது ஒன்று; சிவகாசி வெயிலுக்கும் அந்த ஊர்க் கைகளுக்கும் ஏற்ப அது ஆனது இன்னொன்று.

பார்த்துச் செய்வது புத்திசாலித்தனமா, சோம்பலா என்பதை ஒரு போட்டி வைத்தே பார்த்துவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் கெவின் லாலண்டின் குழு நடத்தியது. முடிவு 2010-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கணினிக்குள் ஓர் உலகம். அதில் 100 வகைச் செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரும்படி, அந்த வரும்படியும் காலப்போக்கில் மாறும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்றில் ஒன்றைச் செய்யலாம்: புதிதாக ஒன்றைத் தானே முயன்று தெரிந்துகொள்வது, மற்றவர் செய்வதைப் பார்ப்பது, தெரிந்ததைச் செய்து சம்பாதிப்பது. எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று உத்தி எழுதி அனுப்பச் சொன்னார்கள். பரிசு 10,000 யூரோ. 104 உத்திகள் வந்தன. ஜெயித்தது கனடாவின் இரண்டு ஆய்வு மாணவர்கள், டேனியல் கவுண்டனும் திமோதி லில்லிகிராப்பும் எழுதியது. அது தானாகப் புதிதாக முயல்வதை அநேகமாகத் தொடவே இல்லை. கற்கவேண்டி வந்தபோதெல்லாம் பார்த்தது, பார்த்ததைச் செய்தது.

நடத்தியவர்களே இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. காரணம் யோசித்தால் எளிது. தானாக முயன்றால் 100 செயல்களில் எது வேண்டுமானாலும் கையில் மாட்டும், பெரும்பாலும் உதவாதது. ஆனால் அடுத்தவர் ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கிறார் என்றால், அவருக்குத் தெரிந்தவற்றில் நல்லதைத்தான் செய்வார். அவர் ஏற்கெனவே வடிகட்டிக் கொடுத்துவிடுகிறார். பக்கத்து ஆலை இரண்டு பருவமாகத் தன் புது அரவை உருளையைக் கழற்றாமல் வைத்திருக்கிறது என்பதே ஒரு செய்தி. அதற்கு விளம்பரமும் வேண்டாம், ஆய்வறிக்கையும் வேண்டாம். இன்னொன்றும் அந்த விளையாட்டில் இருந்தது: பார்ப்பதில் பிழை நேரும்படி அமைத்திருந்தார்கள். அந்தப் பிழைகளின் வழியே யாரும் முயலாத செயல்களும் கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. ஆல்சியன் 60 ஆண்டுகளுக்கு முன் சொன்னது கணினியில் ஓடியது.

ஆனால் இதில் ஒரு பள்ளம் உண்டு. ஆலன் ரோஜர்ஸ் என்ற மானுடவியலாளர் 1988-இல் ஒரு கணக்குப் போட்டார். கூட்டத்தில் பார்த்துச் செய்பவர்கள் கொஞ்சமாக இருக்கும்போது அவர்களுக்கு நல்ல லாபம். எண்ணிக்கை கூடக் கூட, அவர்கள் பார்ப்பது இன்னொரு பார்த்துச் செய்பவரையே. உலகம் மாறியிருக்கும், இவர்கள் கையில் இருப்பது பழைய செய்தி. கடைசியில், எல்லோரும் தாமே முயன்று கற்ற கூட்டத்தைவிட இவர்கள் ஒரு படிகூட மேலே இருக்கமாட்டார்கள். எதைப் பார்க்கிறோம் என்பதும் பிரச்சினைதான். சந்தையில் எளிதாகக் கண்ணில் படுவது ஒன்று, உண்மையில் மதிப்புள்ளது வேறொன்று என்றால், கூட்டம் முழுவதும் தவறானதன் பின்னால் போகும்.

ஜவ்வரிசியில் கண்ணில் படுவது வெண்மை. நல்ல கிழங்கை அன்றே தோல் நீக்கி, நிறையத் தண்ணீரில் கழுவி எடுத்த மாவு இயல்பாகவே வெள்ளையாக இருக்கும்; ஒரு காலத்தில் வெண்மை என்பது கவனமான வேலையின் அடையாளம். வடநாட்டில் நோன்பு நாளில் ‘சாபுதானா கிச்சடி’ செய்கிறவர்கள் வெள்ளையைத் தேடினார்கள், வியாபாரி வெள்ளைக்குக் கூட விலை வைத்தார். தோல் உரிக்க ஆள் கிடைப்பது கடினமானபோது, சிலர் தோலோடு அரைத்தார்கள். மாவு மங்கியது. மங்கலைப் போக்க வெளுப்பு ரசாயனம் வந்தது. ஒருவர் சரக்கு பளீரென்று நிற்கும்போது பக்கத்தில் ஒழுங்காகச் செய்தவரின் சரக்கு பழுப்பாகத் தெரியும், விலை அடிபடும். அப்புறம் அவர் என்ன செய்வார்? மக்காச்சோள மாவு கலப்பதும் இப்படியே பரவியது. உணவுப் பாதுகாப்புத் துறை ஆலைகளில் சோதனை போடுவதும், மூட்டைகளைப் பறிமுதல் செய்வதும் சேலம் வட்டாரச் செய்தித்தாள்களுக்குப் பழகிய செய்தி ஆனது.

எல்லா ஆலைக்காரரும் இதைச் செய்தார்கள் என்று சொல்லவரவில்லை. செய்தவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்றும் நினைக்கவில்லை. சமூகவியலாளர்கள் பால் டிமாஜியோவும் வால்டர் பவலும் 1983-இல் ஒரு கேள்வி கேட்டார்கள்: ஒரே துறையில் உள்ள நிறுவனங்கள் ஏன் நாளடைவில் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன? மூன்று காரணம் சொன்னார்கள். அரசோ வலியவரோ கட்டாயப்படுத்துவது. ஒரே படிப்புப் படித்தவர்கள் ஒரே மாதிரி நடத்துவது. நிலைமை புரியாதபோது பக்கத்தவரைப் பார்த்துச் செய்வது. மூன்றாவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அது லாபத்துக்காக மட்டுமல்ல. ‘நானும் ஊரோடுதான் இருக்கிறேன்’ என்ற நிம்மதிக்காகவும் நடக்கிறது. நஷ்டம் வந்தாலும் எல்லோருக்கும் வந்த நஷ்டம். தனியாக ஒன்றைச் செய்து தோற்றால் ஊர் சிரிக்கும்.

நகலின் நல்லது கெட்டது இரண்டையும் ஒரே செடியில் பார்க்கவேண்டுமென்றால் மலைமேல் போகலாம். மரவள்ளியை விதை போட்டு யாரும் பயிர் செய்வதில்லை. அறுவடை முடிந்த தண்டைச் சாண் அளவுக் குச்சிகளாக வெட்டி நடுகிறார்கள். நட்ட செடி தாய்ச்செடியின் அச்சு அசல் நகல். பக்கத்துக் கொல்லையில் நன்றாக விளைந்த ரகத்தின் ஒரு கட்டுக் குச்சியைக் கேட்டு வாங்கி வந்தால், அடுத்த வருஷம் அதே விளைச்சல் தன் கொல்லையிலும். ஆனால் குச்சியோடு அதன் நோயும் வரும். மரவள்ளி இலைத் தேமல் வைரஸ் வெள்ளை ஈயால் பரவுகிறது. அதைவிட நிச்சயமாக, நோயுற்ற தண்டை வெட்டி நடுவதால் பரவுகிறது. ஒரு கட்டுக் குச்சி ஊரெல்லாம் போனால் தேமலும் ஊரெல்லாம் போகும்.

புது ரகம் வேண்டுமென்றால் நகல் சங்கிலியை எங்காவது அறுத்தாக வேண்டும்: செடியைப் பூக்கவிட்டு, ஒன்றோடு ஒன்றைக் கலந்து, விதை எடுத்து, முளைப்பதில் பெரும்பாலானதைக் கழித்துக்கட்ட வேண்டும். வருஷக்கணக்கில் பிடிக்கும், வீணாகும் செடிகளே அதிகம். விவசாயிக்கு இது கட்டாது, ஆலைக்கும் கட்டாது, ஏனென்றால் பலன் கிடைத்த மறுவருஷமே குச்சி பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும். அதனால் அரசுச் செலவில்தான் நடந்தது. திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட கலப்பினங்களில் ஒன்றான எச்-226, தமிழ்நாட்டு ஆலைக் கிழங்கின் பெரும் ரகமாக ஆனது. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கல்வராயன் சரிவிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆய்வு நிலையம் ஒரு முறை சங்கிலியை அறுக்கிறது. மீதி வேலையை, ஒரு பைசா செலவில்லாமல், பார்த்துச் செய்யும் விவசாயிகள் முடித்துவிடுகிறார்கள். புதுமைக்கு யார் பணம் போடுவது, பரவலுக்கு யார் போடுவது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கட்டாயம் புதுமையைக் கொண்டுவந்த கதையும் இந்தத் தொழிலில் உண்டு. ஆலையிலிருந்து வெளியேறும் தண்ணீர் புளித்தது, நாற்றமெடுப்பது. ஏரியிலும் கிணற்றிலும் கலந்து ஊர்ச் சண்டை ஆனது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நெருக்கியது. முதலில் சுத்திகரிப்புத் தொட்டி என்பது தண்டச் செலவாகத்தான் தெரிந்தது. பிறகு அதே தண்ணீரைக் காற்றுப் புகாமல் மூடிவைத்துப் புளிக்கவிட்டால் மீத்தேன் கிடைக்கும், அதில் ஜெனரேட்டரை ஓட்டி ஆலைக்கு மின்சாரம் எடுக்கலாம் என்று சில ஆலைகள் காட்டின. மின்கட்டண ரசீது குறைந்தது. அதற்கப்புறம் அதிகாரி வந்து சொல்லவேண்டிய அவசியம் குறைந்தது. பக்கத்து ஆலையின் ரசீது சொன்னது.

அடுத்தவரின் பலனைச் சரியாகக் காட்டும் ஏற்பாடு இருந்தால், அதே பார்க்கும் பழக்கம் நல்ல வழியில் திரும்பும். 1981-இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஓரளவு அந்த ஏற்பாடு. உறுப்பினர் ஆலைகளின் மூட்டைகள் சேலத்துக் கிடங்குக்கு வரும். மாதிரி எடுத்துத் தரம் பார்ப்பார்கள். வியாபாரிகள் ரகசிய டெண்டரில் விலை எழுதுவார்கள். முன்பு தனித்தனியாக வியாபாரியிடம் மாட்டிக்கொண்ட ஆலைக்காரருக்கு, தன் சரக்கு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியத் தொடங்கியது. கலப்படத்தைச் சோதிக்க ஆய்வகமும் ஒரே இடத்தில் இருந்தால் போதும். சங்கத்துக்கு வெளியே விற்கும் சரக்கு இருக்கும்வரை இது முழுத் தீர்வல்ல. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பனையைப் பார்த்துச் செய்த சரக்கை இனி வேறு வட்டாரத்தார் சேலத்தின் பெயரில் விற்க முடியாது. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 2021-இல், குறியீடு கிடைத்தது. அங்கே கணக்கு வேறு: சாஸ்திர அளவு பிசகாமல் குருவைப் பார்த்துச் செதுக்குவதே அந்த வேலையின் பெருமை.

இனி மலைமேல் ஏன் ஆலை இல்லை என்ற விஷயம். மாவு எடுக்க ஏராளமான தண்ணீர் வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், லட்சக்கணக்கில் முதலீடு வேண்டும், கழிவு நீருக்கு இடம் வேண்டும். கோமுகி ஆற்றின் தலைமாட்டில் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி. ஆனால் ஆலை முழுவதையும் நகலெடுக்க முடியாது என்பதால், ஆலையிலிருந்து எதையுமே எடுக்கக்கூடாது என்று ஆகிவிடாது. எடுக்கவேண்டியது ஒன்று இருக்கிறது: அளவு.

மரவள்ளி எடைக்கு மட்டும் விலை போவதில்லை. மாவுச்சத்துப் பாயிண்டுக்கு விலை. ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று பேசுவார்கள். பாயிண்டை அளப்பது ஆலை. மலையிலிருந்து லாரி இறங்கிவிட்ட பிறகு பாயிண்டு குறைவு என்றால், கெட்டுக்கொண்டிருக்கும் கிழங்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக யாராலும் முடியாது. ஆட்சியர் அலுவலகங்களில் விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் கூடும் முத்தரப்புக் கூட்டங்களில் இந்தக் குறை அடிக்கடி எழுவதுண்டு. மாவுச்சத்தை மதிப்பிட உலகெங்கும் மரவள்ளித் தொழிலில் உள்ள எளிய முறை ஆர்க்கிமிடீஸ் காலத்தது. மாவு தண்ணீரைவிட அடர்த்தியானது. ஆகவே மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீருக்குள் கூடுதல் எடை காட்டும். வெளியில் 5 கிலோ நிற்கும் கிழங்கைக் கூடையோடு தண்ணீரில் முக்கி, கூடையின் எடையைக் கழித்தபின் 500 கிராம் காட்டினால் அதன் ஒப்படர்த்தி 1.11, 400 கிராம்தான் காட்டினால் 1.09-க்குக் கீழே. அடர்த்தியிலிருந்து மாவுச்சத்துக்குப் போக அட்டவணை இருக்கிறது. ஏத்தாப்பூர் நிலையத்தாரிடம் கேட்டால் நம்மூர் ரகங்களுக்கு ஏற்பச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டியது கம்பியில் தொங்கும் ஒரு தராசு, ஒரு கூடை, ஒரு டிரம் தண்ணீர். கரியாலூரில் ஒரு விவசாயிகள் குழு இதை வைத்து, லாரி ஏறும் முன்பே பாயிண்டை ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்பலாம். ஆலையின் அளவும் சீட்டின் அளவும் முதல் பருவத்தில் ஒத்துப்போகாது. தண்ணீரின் சூடு, கிழங்கில் ஒட்டிய மண், எந்தச் செடியிலிருந்து மாதிரி எடுத்தோம் என்று பல காரணம் இருக்கும். இரண்டாம் பருவத்துக்குள் அந்தக் காரணங்களில் சிலவற்றை யாராவது கண்டுபிடித்துச் சரிசெய்திருப்பார். வெள்ளிமலையில் இன்னொரு குழு அதைப் பார்த்துத் தன் டிரம்மை வாங்கும்.